பத்தில் ஏழு நாய்கள்: டெல்டா கிராமங்களில் வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நடத்த ஒரு வழிகாட்டி

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் சிற்றூர்களில் நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நடத்த முதன்முறையாக முன்வரும் ஊராட்சி உறுப்பினர்கள், மகளிர் சுயஉதவிக் குழுவினர், ஆசிரியர்கள், இளைஞர்கள் ஆகியோருக்காக இது எழுதப்படுகிறது. ஊசி போடுவது கால்நடை மருத்துவரின் வேலை. அந்த ஊசி சேர வேண்டிய நாய்களிடம் சேரும்படி செய்வது ஊராரின் வேலை. இரண்டாவது வேலையைத்தான் இங்கே விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பல முகாம்கள் தவறுவது அங்கேதான். கோயில் திடலில் பந்தல் போட்டு, கயிற்றில் பிடித்து வரப்பட்ட வீட்டு நாய்களுக்கு மட்டும் ஊசி போட்டு, மதியத்துக்குள் முடித்துவிட்டால், அந்த வீட்டு நாய்களுக்கு நன்மை உண்டு. ஊரில் நோய் பரவும் வழி மட்டும் அப்படியே திறந்து கிடக்கும்.

ஏன் நாயிடமிருந்து தொடங்க வேண்டும்

வெறிநோயை உண்டாக்கும் ரேபிஸ் கிருமி நோயுற்ற விலங்கின் உமிழ்நீரில் இருக்கிறது. கடியின் வழியாகவோ, கீறலின் வழியாகவோ, புண்ணை நக்குவதன் வழியாகவோ உடலுக்குள் நுழைந்து, நரம்பைப் பற்றிக்கொண்டு மெல்ல மூளைக்கு ஏறுகிறது. கடிபட்டதிலிருந்து நோய்க்குறி தோன்றப் பெரும்பாலும் 2 அல்லது 3 மாதங்கள் ஆகும். ஒரு வாரத்திலும் தோன்றலாம், ஓராண்டு கழித்தும் தோன்றலாம். தண்ணீர் குடிக்க முயன்றால் தொண்டை இறுகுவது, காற்று பட்டாலே உடல் பதறுவது போன்ற குறிகள் தோன்றிய பின் உயிர் பிழைத்தவர்கள் உலகிலேயே மிகச் சிலர்தான். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறக்கிறார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள். மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் வரை நாயிடமிருந்தே வருகிறது. சந்தேகத்துக்குரிய விலங்கிடம் கடிபடுவோரில் பத்தில் நான்கு பேர் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள்.

கடிபட்டவருக்கு உடனே முறையாக ஊசி போட்டால் அவரைக் காப்பாற்றிவிடலாம். ஆனால் எத்தனை பேருக்கு அப்படி ஊசி போட்டாலும், நாய்களுக்கிடையே சுற்றிக்கொண்டிருக்கும் கிருமி சிறிதும் குறைவதில்லை. பள்ளிவிட்டு வரும் வழியில் குட்டி நாயோடு விளையாடிக் கீறல் பட்ட பிள்ளை, அம்மா அடிப்பாள் என்று பயந்து வீட்டில் சொல்லாமல் இருந்துவிடுகிறது. அந்தப் பிள்ளை மருத்துவமனைக்கே வராதபோது மருத்துவர் என்ன செய்ய முடியும்? அந்தக் குட்டிக்கும் அதன் தாய்க்கும் முன்கூட்டியே போடப்பட்ட ஊசி ஒன்றுதான் அதற்குப் பாதுகாப்பு. நாய்வழிப் பரவும் ரேபிஸால் மனிதர் இறப்பதை 2030-க்குள் அறவே நிறுத்துவது என்று உலக அளவில் இலக்கு வகுக்கப்பட்டு, இந்திய அரசும் அதற்கான தேசியச் செயல்திட்டத்தை 2021-இல் வெளியிட்டது. அந்தத் திட்டத்தின் முதுகெலும்பும் நாய்களுக்கான தடுப்பூசியே.

பத்தில் ஏழு என்ற கணக்கு

ஓர் ஊரில் உள்ள நாய்களில் குறைந்தது 70 சதவீதத்துக்கு, குறுகிய காலத்துக்குள், ஆண்டுதோறும் ஊசி போட வேண்டும் என்பதே உலகெங்கும் ஏற்கப்பட்ட அளவு. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொண்டால் முகாமை எப்படி நடத்துவது என்பதும் புரிந்துவிடும். வெறி பிடித்த ஒரு நாய் சராசரியாக ஒன்றிரண்டு நாய்களுக்கு மேல் நோயைக் கொடுப்பதில்லை. ஆகவே ஊரில் பாதி நாய்களுக்கு எப்போதும் எதிர்ப்புச் சக்தி இருந்தாலே, நோய் பரவுவதற்குப் போதிய நாய்கள் கிடைக்காமல் அறுந்துபோகும். சிக்கல் அந்த ‘எப்போதும்’ என்பதில்தான் இருக்கிறது. தெரு நாயின் ஆயுள் குறைவு. செத்த நாயின் இடத்தை ஊசி போடாத குட்டி பிடித்துக்கொள்கிறது.

உங்கள் ஊரில் 120 நாய்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்தில் ஏழு என்றால் 84 நாய்கள். ஓராண்டுக்குள் அந்த 84-இல் 25 நாய்கள் வண்டியில் அடிபட்டும் வேறு நோயிலும் இறந்து, அதே எண்ணிக்கையில் புதுக் குட்டிகள் வந்து சேர்ந்தால், ஆண்டு முடிவில் எதிர்ப்புச் சக்தியோடு இருப்பவை 59. அதாவது ஏறக்குறைய பாதி. அடுத்த முகாம் வரும்வரை ஊர் தாக்குப்பிடிக்கும். முதலிலேயே 50 நாய்களோடு நிறுத்தியிருந்தால், சில மாதங்களிலேயே அந்தக் காப்பு கரைந்துபோயிருக்கும். ஆண்டு முழுதும் மாதத்துக்குப் பத்து நாய் என்று பரப்பிப் போடுவதும் இதே காரணத்தால் பயன் தருவதில்லை.

மற்றொன்று, இந்த 70 சதவீதம் ஊர் முழுவதும் பரவலாக இருக்க வேண்டும். மேலத்தெருவில் நூற்றுக்கு நூறும், வாய்க்காலுக்கு அப்பால் உள்ள குடியிருப்பில் பூஜ்யமும் போட்டுவிட்டுச் சராசரி எடுத்தால் கணக்கு அழகாக வரலாம். வெள்ளக் காலத்தில் கொள்ளிடக் கரையை முழுவதும் பலப்படுத்திவிட்டு ஒரு வளைவை மட்டும் விட்டுவிட்டால் நடப்பதுதான் இங்கும் நடக்கும். ஆகவே வேலையை ஊரின் கடைசித் தெருவிலிருந்து, பேருந்து நிறுத்தத்துக்கு மிகத் தொலைவில் இருக்கும் குடியிருப்பிலிருந்து தொடங்குமாறு வற்புறுத்திச் சொல்வேன். களைப்பும் வெயிலும் கூடிய நேரத்தில் விட்டுப்போகும் தெரு எப்போதும் அதுவாகவே இருக்கிறது.

நாய்களைக் கொன்றுவிட்டால் என்ன, பிடித்துக்கொண்டுபோய் அடுத்த ஊரில் விட்டுவிட்டால் என்ன என்று கூட்டத்தில் யாராவது கட்டாயம் கேட்பார். கடிபட்ட குழந்தையின் தகப்பன் அப்படிக் கேட்டால் அவர் கோபத்தில் நியாயம் உண்டு. பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். கொல்வதும் அடுத்த ஊரில் கொண்டுபோய் விடுவதும் சட்டத்துக்கு மாறானவை என்பது ஒருபுறம் இருக்க, அவற்றால் ரேபிஸ் குறைந்ததும் இல்லை. காலியான இடத்துக்கும் அங்கே கிடைக்கும் எச்சிலைச் சோற்றுக்கும் புது நாய்கள் வருகின்றன. அவற்றில் எதற்கு ஊசி போட்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஊசி போட்ட நாயை விரட்டுவது என்பது ஊரார் தம் காப்பைத் தாமே கழற்றி எறிவதாகும். கோவா மாநிலத்தில் 2013-இலிருந்து 2019 வரை தெருத்தெருவாக நடந்து, வீட்டு நாய், தெரு நாய் என்ற வேறுபாடின்றித் தடுப்பூசி போட்டு, கூடவே பள்ளிகளில் பாடமும் நோய்க் கண்காணிப்பும் நடத்தினார்கள். நாய்களில் மாதந்தோறும் காணப்பட்ட ரேபிஸ் 92 சதவீதம் குறைந்தது. மனித மரணங்கள் நின்றன. கருத்தடையும் தேவைதான். 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகள் கருத்தடையையும் தடுப்பூசியையும் உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பாக்கியிருக்கின்றன. ஆனால் கருத்தடை மையம் வரும்வரை தடுப்பூசியைத் தள்ளிப்போடக் கூடாது.

முதலில் பார்க்க வேண்டியவர்கள்

உங்கள் பகுதிக் கால்நடை மருந்தகத்தின் உதவி மருத்துவரை முகாமுக்கு இரண்டு மாதம் முன்பே போய்ப் பாருங்கள். தடுப்பூசி எங்கிருந்து வரும், துறையிலிருந்து எத்தனை குப்பிகள் கிடைக்கும், மீதியை ஊராட்சி வாங்க வேண்டியிருக்குமா, யார் யார் ஊசி போடுவார்கள் என்பதையெல்லாம் அவரோடு பேசித்தான் முடிவு செய்ய முடியும். ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பதால், தஞ்சாவூர்ப் பக்கத்து ஊர்கள் அங்கும் உதவி கேட்டுப் பார்க்கலாம். அடுத்து ஊராட்சி மன்றத் தலைவரும் செயலரும். கிராம சபையில் தீர்மானம் வைப்பது நல்லது, ஏனென்றால் பின்னால் நாய் பிடிக்கும்போது எழும் சச்சரவுகளுக்கு அந்தத் தீர்மானமே விடை.

மூன்றாவதாக ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவ அலுவலர். கடந்த ஓராண்டில் எந்தத் தெருவிலிருந்து நாய்க்கடிக்கு ஊசி போட அதிகம் பேர் வந்தார்கள் என்று அவரிடம் கேளுங்கள். ஆட்களின் பெயர் வேண்டாம், தெருவின் பெயர் போதும். நாயைத் தொட்டுப் பிடிக்கப்போகும் ஒவ்வொருவருக்கும் முன்கூட்டிய ரேபிஸ் தடுப்பூசி போட முடியுமா என்பதையும் அவரிடமே கேட்க வேண்டும். முதல் நாள், 7-ஆம் நாள், பிறகு 21 அல்லது 28-ஆம் நாள் என மூன்று தவணை ஆகும் என்பதால்தான் இரண்டு மாத அவகாசம் வேண்டும் என்கிறேன். இந்த ஊசி போட்டுக்கொள்ளாத தன்னார்வலருக்கு எழுத்து வேலையும் அடையாளமிடும் வேலையும் கொடுங்கள். நாய் பிடிக்க அனுப்பாதீர்கள்.

நாய்களைக் கணக்கெடுத்தல்

எத்தனை நாய்கள் என்று தெரியாமல் எழுபது சதவீதம் என்று பேசுவதில் பொருளில்லை. வெயில் ஏறுமுன், காலை ஐந்தரைக்கும் ஏழுக்கும் இடையில் நாய்கள் தெருவில் கிடக்கும். அப்போது ஒவ்வொரு தெருவையும் ஒரே நாளில், பலர் பிரிந்து நடந்து எண்ணுங்கள். ஒரு நோட்டில் தெருவாரியாக மூன்று பத்திகள் போட்டுக்கொள்ளலாம்: கட்டி வளர்க்கப்படுபவை, ஒரு வீட்டு வாசலில் சாப்பிட்டுத் தெருவில் திரிபவை, எந்த வீட்டையும் சேராதவை. குட்டிகளைத் தனியாகக் குறியுங்கள்.

டெல்டாவில் இரண்டாவது வகைதான் மிகுதி. ‘எங்க நாய் இல்லைங்க, சும்மா கிடக்குது’ என்று வீட்டார் சொல்வார்கள். ஆனால் அந்த வீட்டு ஆச்சி கூப்பிட்டால் அது வாலாட்டிக்கொண்டு வரும். யார் சோறு வைக்கிறார் என்பதை நாயின் குறிப்போடு சேர்த்து எழுதிவிட்டால் முகாம் நாளில் பாதி வேலை முடிந்ததாகக் கொள்ளலாம். டீக்கடை வைத்திருப்பவர், கோயில் வாசலில் பூ விற்பவர், கோழிக்கறிக் கடைக்காரர், கல்யாண மண்டபக் காவலர், ரைஸ் மில் தொழிலாளர் ஆகியோரிடம் கேட்டால், தெருவில் திரியும் நாய்களில் பெரும்பாலானவற்றுக்குச் சோறு வைக்கும் ஒரு கை இருப்பது தெரியவரும். நேரடி நெல் கொள்முதல் நிலையம், செங்கல் சூளை, மீன் இறங்குதளம், சுடுகாட்டுப் பாதை, குப்பை கொட்டும் ஆற்றங்கரை ஆகிய இடங்கள் தெருக்கணக்கில் விட்டுப்போகும். அவற்றைத் தனியே எண்ண வேண்டும்.

காலத்தைத் தேர்ந்தெடுத்தல்

செப்டம்பர் 28 உலக ரேபிஸ் நாள் என்பதால் பல கால்நடை மருத்துவமனைகளில் அன்று இலவச முகாம் நடக்கிறது. வீட்டு நாயை அழைத்துப்போக அது நல்ல நாள். ஆனால் ஊர் முழுவதற்குமான பெரிய முகாமுக்கு டெல்டாவில் அது ஏற்ற காலம் இல்லை என்பது என் கருத்து. குறுவை அறுவடையும் சம்பா நடவும் ஒன்றன்மேல் ஒன்றாக நடக்கும் நேரம் அது. அடுத்து ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் நாய்கள் திண்ணைக்கும் வைக்கோல் போருக்கும் அடியில் ஒதுங்கிவிடும், வயல்வழிப் பாதைகளும் சேறாகிவிடும்.

சம்பா அறுவடை முடிந்து வெயில் கடுமையாவதற்கு முன் உள்ள மாசி மாதமும் பங்குனித் தொடக்கமும் எல்லா வகையிலும் பொருந்துகின்றன. ஆட்கள் ஊரில் இருப்பார்கள், பாதைகள் காய்ந்திருக்கும். தெரு நாய்கள் பெரும்பாலும் மழைக்காலத்தின் பின்பகுதியிலும் பனிக்காலத்திலும் குட்டி போடுவதால், அந்தக் குட்டிகளும் அப்போது ஏறத்தாழ மூன்று மாத வயதை எட்டியிருக்கும். நெல் தரிசில் உளுந்தும் பயறும் நிற்கும் காலம் அது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. நாயைத் துரத்திக்கொண்டு உளுந்து வயலுக்குள் இறங்கினால் ஊரின் ஒத்துழைப்பு அன்றோடு போய்விடும்.

இந்தக் காலத்துக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அறுவடைக்குப் பின் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தைகளோடு வந்து வயல்களில் கிடை போடுகிறார்கள். அவர்களோடு காவல் நாய்களும் வருகின்றன. ஊர் ஊராக நடந்து செல்லும் அந்த நாய்களை விட்டுவிட்டு உள்ளூர் நாய்களுக்கு மட்டும் போடுவது அரைகுறை வேலை. கிடை எங்கே போட்டிருக்கிறது என்று நிலத்துக்காரரிடம் கேட்டு, மந்தை மேய்ச்சலுக்குக் கிளம்புமுன் அதிகாலையில் போனால், கீதாரிகள் தாமே நாயைப் பிடித்துக் கொடுப்பார்கள். நாள்முழுதும் நாயோடு வாழ்பவர்களுக்கு இதன் தேவையை விளக்க வேண்டியதில்லை.

குப்பியின் குளிர்ச்சி

தடுப்பூசி 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிர்ச்சியில் இருக்க வேண்டும். சூடானாலும் கெடும், உறைந்தாலும் கெடும். பங்குனி வெயிலில் பைக்கின் பெட்டிக்குள் வைத்த குப்பியும், ஃப்ரீசரில் வைத்து உறைந்த குப்பியும் ஒரே அளவில் பயனற்றவை. பார்வைக்கு மட்டும் நல்ல மருந்தைப் போலவே இருக்கும். குளிர்பெட்டியில் ஐஸ் பேக்குகளைத் துணியில் சுற்றி வைத்து, குப்பி நேரடியாக அவற்றைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திறந்த குப்பியை அன்றைக்குள் தீர்க்க வேண்டும். எவ்வளவு காலம் கழித்தும் கெடாது என்று யாரேனும் உறுதி சொன்னால் நம்பாமல், காலாவதி நாளைக் குப்பியிலேயே படித்துப் பாருங்கள். ஒரு நாய்க்கு ஓர் ஊசி முனை. அதில் சிக்கனம் கூடாது.

முகாம் நாள்

முதல் நாள் மாலையும் முகாம் அன்று விடியலிலும் ஒலிபெருக்கி வைத்த ஆட்டோ தெருத்தெருவாகப் போகட்டும். நாளையும் நேரத்தையும் மட்டும் அறிவிக்காமல், நாயைக் காலையில் அவிழ்த்துவிட வேண்டாம் என்பதையும், பிள்ளைகளிடம் நாயைக் கொடுத்து அனுப்ப வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். எந்தத் தெருவில் எத்தனை குட்டி இருக்கிறது, எந்தப் பாலத்தடியில் தாய் நாய் படுத்திருக்கிறது என்ற செய்திகளை ஊரில் யாரைவிடவும் பிள்ளைகளே நன்கு அறிவார்கள். ஆகவே செய்தி சொல்லும் பொறுப்பை அவர்களுக்குக் கொடுங்கள்; பிடிக்கும் பொறுப்பைப் பெரியவர்கள் ஏற்க வேண்டும்.

ஊசி போடுபவர் ஒருவர், நாயைக் கையாள்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர், அடையாளமிடுபவர் ஒருவர் என்று நால்வர் ஒரு குழுவாகச் செல்லலாம். நாய்களை ஓரிடத்தில் கூட்டினால் அவை ஒன்றோடொன்று சண்டையிடும். கடி நேர்வது பெரும்பாலும் அந்தக் குழப்பத்தில்தான். குழுவே நாய் இருக்கும் வாசலுக்குப் போக வேண்டும். சோறு வைப்பவர் முன்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பிஸ்கட்டோ மீன் தலையோ போட்டு, கழுத்தருகே தடவிக்கொண்டிருக்கும்போது, பின்பக்கமாக மருத்துவர் ஊசி போட்டுவிடுவார். கடிக்கும் இயல்புள்ள நாய்க்கு வாய்க்கட்டு போடலாம். மென்மையான துணிப்பட்டையே போதும். இரும்பு இடுக்கியும் சுருக்குக் கம்பியும் வேண்டவே வேண்டாம். அவற்றால் ஒருமுறை பிடிபட்ட நாய் அடுத்த ஆண்டு உங்கள் நிழலைக் கண்டாலே ஓடும். அதைப் பார்த்த தெருவும் கதவைச் சாத்திக்கொள்ளும்.

யாருக்கும் கைக்கு வராத நாய்களுக்குக் கைவலை தேவைப்படும். அது பயிற்சி பெற்றவர்கள் மட்டும் செய்ய வேண்டிய வேலை. அத்தகைய நாய்களை நோட்டில் குறித்து வைத்து, பயிற்சி பெற்ற குழுவோடு வேறொரு நாள் அதிகாலையில் வருவது நல்லது.

குட்டிகளை விட்டுவிடாதீர்கள். வீட்டில் வளரும் குட்டிக்கு மூன்று மாத வயதில் முதல் ஊசியும், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் அடுத்த ஊசியும், பிறகு ஆண்டுக்கொரு முறையும் போடுவது வழக்கம். ஆனால் தெருவில் கையில் கிடைத்த குட்டி மூன்று மாதம் நிரம்பவில்லை என்பதற்காகத் திருப்பி விட்டால், அடுத்த முகாமில் அது கைக்கே கிடைக்காத வளர்ந்த நாயாக இருக்கும். பெருந்திரள் முகாம்களில் சிறு குட்டிகளுக்கும் போட்டுவிட வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இறுதி முடிவு மருத்துவருடையது. சினை நாய், பால் கொடுக்கும் நாய் ஆகியவற்றைப் பற்றியும் அவரிடமே கேட்டுச் செய்யுங்கள்.

அடையாளமும் மறுநாள் நடையும்

ஊசி போட்ட நாயின் முதுகிலோ தலையிலோ கால்நடைகளுக்கான வண்ணக்குறி இடலாம். வண்ணக் கழுத்துப்பட்டையும் கட்டலாம். பட்டையை வளரும் குட்டிக்கு மட்டும் கட்டக் கூடாது, கழுத்தை இறுக்கிவிடும். காதில் சிறு வெட்டு இருந்தால் அந்த நாய்க்குக் கருத்தடை ஆகியிருக்கிறது என்று மட்டுமே பொருள். இந்த ஆண்டு ஊசி போட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டு நாய்க்கு நாள், மருந்தின் பெயர், குப்பி எண், அடுத்த தவணை ஆகியவை எழுதிய அட்டையைக் கையில் கொடுங்கள்.

மறுநாள் காலை கணக்கெடுப்பு நடந்த அதே நேரத்தில், அதே தெருக்களில் மீண்டும் நடக்க வேண்டும். பலர் விட்டுவிடும் இந்த நடையைத்தான் முழு வேலையிலும் முக்கியமானதாக நான் கருதுகிறேன். ஒரு தெருவில் கண்ட 20 நாய்களில் 15-இல் குறி இருந்தால் 75 சதவீதம். அந்தத் தெரு முடிந்தது. அடுத்த தெருவில் 18-இல் 9 என்றால் அங்கே திரும்பவும் போக வேண்டும். எத்தனை குப்பிகள் செலவாயின என்ற கணக்கு ஊரின் நிலையைச் சொல்லாது. இந்த நடைக்கணக்குதான் சொல்லும்.

சந்தேகத்துக்குரிய விலங்கைக் கண்டால்

ஊசி போட்ட பின் நாய்க்கு எதிர்ப்புச் சக்தி உருவாகச் சில வாரங்கள் ஆகும். ஏற்கெனவே கிருமி ஏறியிருக்கும் நாயை ஊசி காப்பாற்றாது. ஆகவே முகாமுக்குப் பின்னும் விழிப்பாக இருக்க வேண்டும். காரணமின்றிக் கண்ணில் பட்டதையெல்லாம் கடிப்பது, குச்சி, மண், வைக்கோலைக் கடித்து விழுங்குவது, குரல் கரகரத்து மாறுவது, எச்சில் ஒழுகுவது, கீழ்த்தாடை தொங்குவது, பின்னங்கால் தள்ளாடுவது ஆகியவை குறிகள். சில நாய்கள் வெறிகொண்டு ஓடாமல் இருட்டு மூலையில் சுருண்டு கிடக்கும், தொட்டால்தான் கடிக்கும்.

நம் பகுதியில் பரவலாக உள்ள ஓர் எண்ணம் பெருந்தீங்கு விளைவிக்கக்கூடியது. வாய்க்காலில் இறங்கித் தண்ணீர் குடித்தது, நீந்தி அக்கரை போனது, ஆகவே அதற்கு வெறி இல்லை என்பார்கள். தண்ணீரைக் கண்டு அஞ்சுவது மனிதருக்குத் தோன்றும் குறி. வெறி பிடித்த நாய் தண்ணீரில் இறங்கும், நீந்தவும் செய்யும். தாடை தொங்கி விழுங்க முடியாமல் தவிக்கும் நாயையோ மாட்டையோ பார்த்து, தொண்டையில் எலும்போ கொட்டையோ சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கையை விடுவதும் அத்தகைய ஆபத்தே. கறவை மாடு குரல் மாறிக் கத்தி, எச்சில் ஒழுக்கி, தீவனம் விழுங்க முடியாமல் நின்றால், கையை விடாமல் மருத்துவரை அழையுங்கள். தமிழ்நாட்டில் கால்நடை அவசர ஊர்திக்கு 1962 என்ற எண் உண்டு.

அத்தகைய நாயைக் கூட்டம் கூடித் துரத்தக் கூடாது. துரத்தினால் அது ஓடும் வழியெல்லாம் கடிக்கும். அறைக்குள்ளோ வேலிக்குள்ளோ அடைக்க முடிந்தால் அடைத்துவிட்டு ஊராட்சிக்கும் மருந்தகத்துக்கும் சொல்லுங்கள். செத்துவிட்டால் ஆய்வுக்கு மாதிரி எடுப்பதா என்று மருத்துவர் தீர்மானிப்பார். வெறுங்கையால் தொடாமல், ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். ஆற்றிலோ வாய்க்காலிலோ இழுத்துப் போடுவது எவ்வகையிலும் தகாது. கோடியக்கரைப் பக்கத்து ஊர்களில் நரிக்கடியையும் நாய்க்கடிக்கு இணையாகவே கருதுங்கள்.

கடிபட்டவருக்கு உடனே செய்ய வேண்டியவை

ஓடும் குழாய்த் தண்ணீரிலும் சோப்பிலும் காயத்தை 15 நிமிடம் கழுவ வேண்டும். மோட்டார்க் கொட்டகைத் தண்ணீராக இருந்தாலும் போதும். கழுவுவதுதான் முதல் மருந்து. சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள், மஞ்சள், எண்ணெய் எதுவும் வைக்கக் கூடாது. கட்டுப் போட வேண்டாம். மந்திரிப்பதற்கும் பச்சிலை கொடுப்பதற்கும் போகும் நேரம், கிருமி நரம்பேறுவதற்குக் கொடுக்கும் நேரம்.

அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போக வேண்டும். இரத்தம் வராத கீறலுக்கும் ஊசி உண்டு. தோல் கிழிந்த கடிக்கும், புண்ணிலோ கண், வாயிலோ எச்சில் பட்டதற்கும் ஊசியோடு, காயத்தைச் சுற்றிச் செலுத்தும் எதிர்ப்புப் புரத மருந்தும் தேவை. அது அங்கே இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், 3, 7, 28-ஆம் நாட்கள்; தசையில் போடும் முறையில் இவற்றோடு 14-ஆம் நாளும் சேரும். தொப்புளைச் சுற்றிப் போட்ட பழைய ஊசியின் தயாரிப்பு இந்தியாவில் 2004-ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. இன்னும் அந்தப் பயத்தில் மருத்துவமனைக்குப் போகாத முதியவர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டும். இப்போது போடுவது கையில்தான். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் போடலாம், பத்தியம் தேவையில்லை. கடித்தது ஊசி போட்ட வீட்டு நாயாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். அந்த நாயை 10 நாள் கட்டி வைத்துக் கவனியுங்கள்; ஆனால் அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று முதல் ஊசியைத் தள்ளிவைக்காதீர்கள். முழுத் தவணையும் போட்டுக்கொண்டவர் அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தால், மறுமுறை கடிபடும்போது முதல் நாளும் 3-ஆம் நாளுமாக இரண்டு ஊசிகளே அவருக்குப் போதுமானவை.

அடுத்த முகாம் வரை

ஆண்டின் மற்ற மாதங்களில் செய்ய வேண்டியவை சிறியவை. ஆனால் யாராவது ஒருவர் பொறுப்பேற்காவிட்டால் நடக்காதவை. தெருவுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்து, புதிதாகக் குட்டி போட்ட இடத்தையும் வெளியூரிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நாயையும் நோட்டில் குறிக்கச் செய்யுங்கள். மாதத்தில் ஒரு நாள் கால்நடை மருந்தகத்துக்கு அந்தக் குட்டிகளைக் கூடையில் எடுத்துப்போக ஓர் ஏற்பாடு இருக்கட்டும். பள்ளித் தலைமையாசிரியரிடம் பேசி, நாய் கீறினாலும் நக்கினாலும் வீட்டில் சொல்ல வேண்டும், சொன்னால் அடி விழாது என்பதைப் பிள்ளைகளுக்கும், பெற்றோர் கூட்டத்தில் பெற்றோருக்கும் சேர்த்துச் சொல்லச் செய்யுங்கள். தெரு நாய்கள் குறித்த நீதிமன்ற உத்தரவுகளும் அரசு ஆணைகளும் அவ்வப்போது வருவதால், முகாமுக்கு முன் ஊராட்சிச் செயலரிடம் நடப்பு அறிவுறுத்தலைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முகாம் முடிந்த பிறகு வரும் மே 1 கிராம சபையில் தெருவாரியாக எண்ணிய நாய்கள், ஊசி போட்டவை, மறுநாள் நடையில் கண்ட சதவீதம் ஆகியவற்றை வாசித்துப் பதிவு செய்யுங்கள். எழுபதை எட்டாத தெருக்களின் பெயரையும் மறைக்காமல் படிக்க வேண்டும். அடுத்த ஆண்டுக்குத் தேவையான குப்பிகளின் எண்ணிக்கையைக் கால்நடைத் துறையிடம் கேட்கும் தீர்மானத்தை நவம்பர் 1 கிராம சபையில் நிறைவேற்றி, அதன் நகலை மருந்தகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.